ஆசிரியர் அறைத் தேநீர்

குழாயக்காவுக்குத் தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே! இருபது வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறாள். அவள் பூட்டிய மூட்டில் ஒரு சொட்டு ஒழுகியது என்று யாராவது வந்து சொல்லட்டும், பார்க்கலாம். ஆரம்பத்தில் "இந்தம்மாவுக்கு ரெஞ்ச் பிடிக்கத் தெரியுமா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டவர்கள் வீட்டிலெல்லாம் இன்றைக்கு அவள் போட்ட குழாயில்தான் தண்ணீர் வருகிறது. சொந்தப் பெயர் என்று ஒன்று அவளுக்கு இருப்பதே ஊரில் பலருக்கு மறந்துபோய்விட்டது. அண்ணனுக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன் என்று கொழுந்தன் கிண்டல் செய்வான். அவள் புருஷனின் தம்பியான அவன்தான் தொழிலில் அவளுடைய கூட்டாளி. கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

இப்பேர்ப்பட்டவள் வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. ஒரே பெண், பன்னிரண்டு வயது, வீட்டில் கூப்பிடுவது வாலு என்று. மூன்று மாதத்தில் மூன்றாவது தடவை, சிறுநீர் போகும்போது எரிச்சல், கூடவே குளிர்க்காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கிறாயா என்று மருத்துவர் கேட்டார். வாலு காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"குடிக்க மாட்டேன். குடிச்சா பாத்ரூம் போகணும். பன்னண்டு மணிக்கு மேல பூட்டிடுவாங்க."

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுக் குழாயக்காவைப் பார்த்தார். அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை. கேட்டிருந்தால் அவள் மானம் கப்பலேறியிருக்கும். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறவள், பெற்ற பெண் காலை எட்டு மணியிலிருந்து நான்கு மணிவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறாள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சண்டை போடப் போகிறாள் என்றுதான் வாட்ச்மேன் நினைத்தார். அவள் நேராக மாடிப்படி ஏறி மொட்டை மாடிக்குப் போய், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடியெடுத்து அளந்தாள். நானூறு பெண்கள் படிக்கும் பள்ளி அது. தெருக்குழாயில் காலையில் இரண்டு மணிநேரம் வரும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைத்துக் குடிக்கவும் கழிப்பறைக்கும் அதையே விடுவார்கள். பதினோரு மணிக்குத் தொட்டி காய்ந்துவிடும். நாற்றம் தாங்காது என்று பன்னிரண்டுக்குக் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். தலைமை ஆசிரியை பொல்லாதவள் ஒன்றும் இல்லை. கையில் இல்லாத தண்ணீருக்கு அவளும் எங்கே போவாள்?

"மேடம், இந்த மாடில ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா ஆறாயிரம் லிட்டர்," என்றாள் குழாயக்கா. "அத்தனையும் சாக்கடைக்குப் போகுது. குடிக்க வேண்டாம். கழுவறதுக்கு என்ன கேடு?"

பள்ளி முற்றத்தில் யாரும் தொடாத ஒரு பழைய நிலத்தொட்டி கிடந்தது. அதைச் சேறு அள்ளிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு மழையிலும் மாடியைக் கழுவி வரும் முதல் அழுக்குத் தண்ணீர் தனியாக வெளியே போக ஒரு வழி, அதற்குப் பிறகு வருவது ஜல்லி, மணல், கரி என்று மூன்றடுக்கில் வடிந்து தொட்டிக்குள் இறங்க ஒரு வழி. அங்கிருந்து மோட்டார் மாடியில் இருக்கும் கழிப்பறைத் தொட்டிக்கு ஏற்றும். மழைத்தண்ணீர் போகும் குழாயெல்லாம் ஊதா நிறம், குடிதண்ணீர்க் குழாய் வெள்ளை. ஊதா கழுவ, வெள்ளை குடிக்க என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். கொழுந்தனுக்கும் அதே பாடம்தான், கூடுதலாக இரண்டு வசவோடு.

பருவமழை தொடங்கி முதல் வாரத்திலேயே தொட்டி பாதிக்கு மேல் நிறைந்தது. பத்து நாளாகக் கழிப்பறை சாயங்காலம்வரை திறந்திருந்தது. ஆனால் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது நிலைக்கும். போடாவிட்டால் தொட்டிக்குச் சீல் வைத்துவிடுவார்கள். அவர் வரும் நாள் வெள்ளிக்கிழமை. வாலு அதுவரை தண்ணீரைத் தொடுவதாக இல்லை. திறந்துதான் இருக்கிறதே, குடியேன் என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள்.

"கையெழுத்து ஆகட்டும்," என்றாள் வாலு. "பூட்டை இன்னும் கழட்டலியே, கொண்டியிலதான தொங்குது."

பிடிவாதத்தில் அப்படியே அம்மாவை உரித்து வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் எல்லாவற்றையும் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று குழாயக்கா போனாள். ஆசிரியர் அறையில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இவ்வளவு செய்தவளுக்கு ஒரு வாய் தேநீராவது கொடுக்க வேண்டாமா? கணக்கு ஆசிரியை ஆயாவின் கைமணத்தைப் புகழத் தொடங்கினாள். பத்து நாளாக ஆயாவின் தேநீர் எங்கேயோ போய்விட்டதாம், முன்பு மருந்து மாதிரி இருந்தது இப்போது ஓட்டல்காரன் தோற்றானாம். ஆயா தரையில் கால் பாவாமல் நின்றாள். தூள் அதே தூள்தான், போடுகிற பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லி, பால் கலக்காத தேநீர்க் கோப்பை ஒன்றை நீட்டினாள்.

குழாயக்கா ஒரு வாய் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பாலில்லாத தேநீர் போட்டால் இரண்டு நிமிடத்தில் மேலே பழுப்பாய் ஒரு ஏடு படரும், கோப்பையின் ஓரத்தில் கறையாய் ஒட்டும். குழாயக்கா வேலைக்குப் போகும் வீடுகளிலெல்லாம் அந்த ஏட்டை ஊதி ஒதுக்கித்தான் குடிப்பாள். இந்தக் கோப்பையில் ஏடு இல்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். தேநீர் ஆறி அவலாகியும் மேற்பரப்பு கண்ணாடியாக இருந்தது. சுண்ணாம்பு துளியும் இல்லாத தண்ணீர் அந்தக் கட்டடத்துக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆயா, டீக்குத் தண்ணி எங்க எடுக்கறீங்க?"

ஆயா பெருமையாக மூலையைக் காட்டினாள். அங்கே கூரையிலிருந்து புத்தம்புதிய வெள்ளைக் குழாய் ஒன்று இறங்கி, முனையில் திறந்து மூடும் பளபளப்பான திருகோடு நின்றது. முன்பெல்லாம் முற்றத்திலிருந்து குடம் குடமாகத் தூக்கிவந்து இடுப்பொடிந்து போவாளாம். தலைமை ஆசிரியை சொல்லி, உங்கள் கொழுந்தன்தான் ஒரு மணிநேரத்தில் போட்டுக்கொடுத்தார், மகராசன் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆயா வாழ்த்தினாள். டீச்சர்கள் குடிக்கவும் இதில்தான் பிடிக்கிறார்களாம்.

மணி அடித்து ஆசிரியைகள் வகுப்புக்குப் போனார்கள். குழாயக்கா மாடிக்கு ஓடி, சோதனைக்கென்று வைத்திருந்த பச்சைச் சாயத்தைக் கழிப்பறைத் தொட்டியில் கொட்டிக் கலக்கினாள். இறங்கி வந்து ஆசிரியர் அறைக் குழாயைத் திறந்தாள். முதலில் தெளிவாகத்தான் வந்தது. ஒரு வாளி நிறைவதற்குள் இளம்பச்சையாகி, அப்புறம் நல்ல பச்சையாகவே கொட்டியது. ஆயா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அறையில் பிடித்துவைத்திருந்த தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து, திருகை அடைத்துவிட்டுக் கொழுந்தனைப் போனில் பிடித்தாள். பிடித்தாள் என்றா சொன்னேன்? பிய்த்து உதறினாள். பதினைந்து வருடம் கூடவே இருந்து கற்றது இதுதானா, ஊதாக் குழாயில் கொண்டுபோய்க் குடிதண்ணீரை இணைத்திருக்கிறாயே, உனக்குக் கண்ணா புண்ணா என்று கேட்டாள். அவன் கால் மணிநேரத்தில் வந்து, ஏணியைப் போட்டு, தாழ்வாரத்துக் கூரைப் பலகையை நகர்த்திவிட்டு, "நீங்களே ஏறிப் பாருங்க அண்ணி," என்றான்.

அவள் ஏறிப் பார்த்தாள். ஊதாக் குழாய் வரிசையாக வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து இரண்டு நீளத் துண்டு வெள்ளைக் குழாய். அப்புறம் மறுபடி ஊதா. அந்த வெள்ளையின் நடுவில்தான் அவன் கிளை எடுத்திருந்தான். பலகையை அந்த இடத்தில் மட்டும்தான் நகர்த்தியிருக்கிறான், அவன் கண்ணுக்கு வெள்ளை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"வெள்ளை குடிக்கன்னு நீங்கதான சொன்னீங்க," என்றான் கீழேயிருந்து, மெதுவாக.

அந்த இரண்டு துண்டையும் போட்டது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடியும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊதாக் குழாய் தீர்ந்துபோனது. மறுநாள் கடை கிடையாது, திங்கட்கிழமை மழை என்றார்கள். கைவசம் இருந்த வெள்ளையைப் போட்டு முடித்தாள். மேலே ஊதா நாடா சுற்றிவிடலாம், நமக்குத்தான் தெரியுமே என்று நினைத்தாள். குழாய் வேலைக்காரர்கள் எல்லோரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் நினைப்பதுதான் அது. சுற்றவில்லை. மழை வந்தது, தொட்டி நிறைந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் மறந்தேபோனாள். ஏணியின் உச்சியிலேயே அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவ்வளவு வெட்கம் அவள் வாழ்நாளில் பட்டதில்லை.

அரைமணி நேரத்தில் வெட்டி அடைத்துவிடலாம், நாளைக்கு ஆய்வாளர் வரும்போது துப்புரவாக இருக்கும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றான் கொழுந்தன். விஷயம் கேட்டு முகம் வெளுத்து வந்த தலைமை ஆசிரியையும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். முதலில் கையெழுத்து ஆகட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். சீல் வைத்துவிட்டால் அடுத்த சோதனைக்கு இரண்டு மாதம் ஆகும், அதற்குள் மழையே முடிந்துவிடும், நானூறு பிள்ளைகள் பழையபடி பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. குழாயக்காவுக்கும் சபலம் தட்டத்தான் செய்தது. சரி என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் வாலுவின் வகுப்பாசிரியை தாழ்வாரத்தில் வந்தாள். ஏழு மாத வயிறு, ஒரு கை இடுப்பில், மறு கையில் பாட்டில். நடந்துகொண்டே மூடியைத் திறந்து வாயில் வைக்கப் போனாள். காலையில் அந்த மூலைக் குழாயில் பிடித்த தண்ணீர்.

குழாயக்கா ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று கொழுந்தனுக்கு இன்றுவரை புரியவில்லை. பாட்டிலைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள்.

"குடிக்காதீங்க டீச்சர். இது மாடித் தண்ணி. பத்து நாளா நீங்க எல்லாரும் குடிச்சது மாடித் தண்ணி. தப்பு என்னோடது. இப்பவே டாக்டர்கிட்டப் போகலாம், வாங்க, நானும் வரேன்."

தலைமை ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டாள். ஒருத்தியிடம் சொன்னது எல்லோரிடமும் சொன்ன மாதிரிதான், இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆய்வாளர் வரும்வரை குழாயில் கை வைக்கக் கூடாது, தப்பு நடந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு, ஆசிரியையைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு இப்போதைக்குப் பயமில்லை என்றார். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே வரச் சொன்னார். மற்ற ஆசிரியைகளையும் வந்து காட்டச் சொன்னார். குழாயக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அன்று வீட்டில் ஒரு காகிதத்தை எடுத்துவைத்துப் பள்ளிக்கூடத்தை வரைந்தாள், அடித்தாள், மறுபடி வரைந்தாள். வெட்கப்பட்டு மூலையில் உட்கார்ந்தால் நானூறு பிள்ளைகளுக்கு என்ன லாபம்? சாப்பிடக் கூப்பிட்ட வாலுவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். வாலு முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்குப் பூட்டிடுவாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது சுருக்கென்று தைத்தது.

ஆய்வாளர் எட்டரைக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், பேனாவைக் கீழே வைக்கவே தெரியாதவர். வாசலில் இருந்த பூந்தொட்டியைக்கூடப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். குழாயக்கா அவரை நேரே ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போய், பதினான்கு ஆசிரியைகள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். எந்த நாள், எத்தனை நீளம், ஏன் போட்டேன், எப்படித் தெரிந்தது, ஒன்றையும் விடவில்லை. கொழுந்தனை இழுக்கவே இல்லை. அவன் விதிப்படிதான் செய்தான், விதியை மீறியது நான் என்றாள். அறை அமளிதுமளிப்பட்டது. கணக்கு ஆசிரியை பத்து நாளுக்கு எத்தனை கோப்பை என்று அங்கேயே கணக்குப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஆயா தன் பக்குவத்தை நினைத்து அழுதாள்.

ஆய்வாளர் ஏணியில் ஏறிப் பார்த்தார், இறங்கினார், எழுதினார். விதி விதிதான் என்றார். குடிதண்ணீரோடு கலந்த மழைத்தொட்டிக்குச் சீல், மறு சோதனை இரண்டு மாதம் கழித்து.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் குழாயக்கா. "கட்டடத்துக்குள்ள ரெண்டு தண்ணி ஓடறதாலதான கலந்துச்சு? நிறம் பாத்துக் கண்டுபிடிச்சுக்கலாம்னு நான் நம்பினேன். என் கண்ணே ஏமாந்துடுச்சு. இனிமே நிறத்தை நம்ப வேண்டாம். குடிக்கிற தண்ணிக் குழாய் கட்டடத்துக்குள்ளயே வேண்டாம், சார்."

அவள் காகிதத்தை விரித்தாள். குடிதண்ணீர்த் தொட்டி முற்றத்தில் வாசல் பக்கம் தனி மேடையில் நிற்கிறது. அங்கிருந்து கட்டடத்துக்குள் வரும் குழாயைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி அடைத்துவிடுவது. தொட்டியின் காலடியிலேயே எட்டுத் திருகுகள் வரிசையாக. குடிக்க வேண்டும் என்றால் பிள்ளை, டீச்சர், தலைமை ஆசிரியை எல்லோரும் முற்றத்துக்கு வர வேண்டியதுதான். உள்ளே ஓடுவது ஒரே தண்ணீர், கழுவுகிற தண்ணீர். நாளைக்கு எந்தப் புத்திசாலி வந்து எந்தக் குழாயில் எதை இணைத்தாலும் கலப்பதற்கு அங்கே இன்னொன்று இருக்காது. கழிப்பறையைத் தவிர உள்ளே இருக்கும் திருகுகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன் என்றாள். முன்பு கழிப்பறைக்குப் போனது இனி மிஞ்சுவதால் தெருத்தண்ணீரும் சாயங்காலம்வரை வரும்.

ஆய்வாளர் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். யோசனை நல்லதுதான், ஆனால் ஆசிரியர்கள் ஒவ்வொரு வாய்க்கும் படியிறங்கிப் போக ஒப்புக்கொள்வார்களா, ஒரு வாரத்தில் யாராவது மறுபடி உள்ளே குழாய் இழுக்கச் சொல்ல மாட்டார்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தலைமை ஆசிரியை தரையைப் பார்த்தாள். கர்ப்பிணி ஆசிரியை பக்கம் எல்லோருடைய பார்வையும் போயிற்று. ரொம்பக் கெடுதல் பட்டவள் அவள்தானே.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏழு மாசத்துல இந்தப் பத்து நாள்தான் சார் நான் மதியத்துக்கு மேல தண்ணி குடிச்சிருக்கேன். கதவு திறந்திருந்துச்சு, அதனால குடிச்சேன். அது மாடித் தண்ணின்னு நேத்துதான் தெரியும், கோவம் இருக்கு, இல்லாம இல்ல. ஆனா பூட்டிடாதீங்க. நான் படியிறங்கிப் போய்க் குடிச்சுக்கறேன்."

கணக்கு ஆசிரியை தானும் இறங்கிப் போவதாக முணுமுணுத்தாள். தலைமை ஆசிரியை ஒரு காகிதத்தை இழுத்து, இந்தக் கட்டடத்துக்குள் குடிதண்ணீர்க் குழாய் இனி எந்தக் காரணத்துக்கும் வராது என்று எழுதிக் கையெழுத்திட்டு ஆய்வாளரிடம் நீட்டினாள்.

மூன்று மணிநேரம் ஆயிற்று. குழாயக்கா தன் கையாலேயே வெட்டினாள், தன் கையாலேயே அடைத்தாள். கூரையில் இருந்த அந்த வெள்ளைத் துண்டு இரண்டையும் கழற்றி ஊதாவைப் போட்டாள். கொழுந்தன் முற்றத்தில் எட்டுத் திருகையும் பூட்டினான். ஆய்வாளர் தாமே சாயத்தை ஊற்றினார். கழிப்பறை அத்தனையிலும் பச்சை, முற்றத்தில் எட்டிலும் பளிங்கு. ஒவ்வொரு திருகிலும் ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துவைத்தார். பதினைந்து நாள் கழித்துச் சொல்லாமல் வந்து பார்ப்பேன் என்று எச்சரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்த ஆய்வாளர் வேலையில் இத்தனை வருடத்தில் தப்பைத் தானே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டின ஆளை முதல் தடவை பார்க்கிறேன் என்று அவர் சொன்னதைக் குழாயக்கா பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாட்ச்மேன் போய்க் கழிப்பறைக் கொண்டியிலிருந்து பூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் முற்றத்துக்குப் பாய்ந்து வந்து எட்டுக் குழாயையும் மொய்த்தார்கள். தள்ளுமுள்ளு, சிரிப்பு, ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீர் தெளித்துக்கொண்டு ஒரே ரகளை. கருவிப் பையைக் கட்டிக்கொண்டிருந்த குழாயக்கா நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது குழாயில் வாலு. இரண்டு கையையும் குவித்து, முழங்கைவழியே சட்டையெல்லாம் நனைய, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்துத் திரும்பியவள் அம்மாவைப் பார்த்துவிட்டாள். குழாயக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. அத்தனை பேர் முன்னால் நின்று அழுதுகொண்டே, வா என்று கையை நீட்டினாள்.

வாலு வரவில்லை. வரிசையின் கடைசிக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

"இரும்மா," என்று அங்கிருந்தே கத்தினாள். "இன்னொரு தடவை குடிச்சுட்டு வரேன்."